சுட்டது வெயில்

அத்தியாயம் 11

ஹேமந்தின் பற்கள் இருட்டறையில் சிவப்பாக ஒளிர்ந்த இடத்தில் போன வாரம் உங்களை நிறுத்தி வைத்திருந்தேன். நாலரை வயசுப் பையனுக்குப் பல் ஒளிருமா, காதில் பூ சுற்றாதீர்கள் என்று ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒளிர்ந்தது, அம்மா. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் டாக்டர் ஷாரோன் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் தரும் ஒரு சின்ன விளக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தார். பழுப்பேறிக் கிடந்த பால் பற்கள் அத்தனையும் மாதுளை முத்தாகச் சிவந்தன. என் பல்லில் லைட் எரியுதா என்று கேட்டுவிட்டு ஹேமந்த் சிரித்தான். அந்த அறையில் சிரித்தது அவன் ஒருவன்தான்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ரத்தத்துக்கும் மூத்திரத்துக்கும் ரிசல்ட் வந்துவிட்டது.

டாக்டரின் அறைக்குள் போவதற்கு முன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை நகராது. ஹேமந்தின் அம்மா தமிழ்ச்செல்வி, அப்பா தீனதயாளன். இருவரும் மாமன் மகள், அத்தை மகன். பெரியவர்கள் அதோடு விடவில்லை. தீனதயாளனின் அக்கா வேண்டாவைத் தமிழ்ச்செல்வியின் அண்ணன் சுப்பிரமணிக்குக் கட்டிவைத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். வேண்டா கல்யாணம் முதலில். அப்போதே பேசி வைத்தபடி, ஆறு வருஷம் கழித்துத் தமிழ்ச்செல்வி கல்யாணம். ஆக வேண்டா அவளுக்குப் புருஷன் வழியிலும் அண்ணி, பிறந்த வீட்டு வழியிலும் அண்ணி.

இரண்டு வழியிலும் அண்ணியான அந்த மனுஷியைத்தான் சித்திரை மாதம் தமிழ்ச்செல்வி நாற்பது பேர் முன்னால் கொலைகாரி என்றாள்.

நடந்தது இது. தமிழ்ச்செல்விக்கு டைஃபாய்டு. ஹேமந்தை மாமல்லபுரத்தில் வேண்டா வீட்டில் ஐந்து நாள் விட்டார்கள். வேண்டாவின் மகள் பிரபாவோடு அவன் பகலெல்லாம் கடற்கரை மணலில் கிடந்தான். திரும்பி வந்தபோது கை, மூக்கு, கன்னம் எங்கும் கொப்புளம். காட்டிய தனியார் கிளினிக்கில், சுடுதண்ணி பட்ட மாதிரி இருக்கிறதே என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஏனென்றால் பதினோரு வருஷத்துக்கு முன் வேண்டாவின் தலைச்சன் பிள்ளை, பெயர்கூட வைக்காத இருபத்திரண்டு நாள் ஆண் சிசு, உடம்பெல்லாம் கொப்புளித்துச் செத்தது. குளிப்பாட்டின தண்ணீர் சூடு ஜாஸ்தியாகிவிட்டது என்று அன்றைக்கு வேண்டாவே சொன்னாள். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து பேசியதில்லை.

தமிழ்ச்செல்வி பேசினாள். மதுராந்தகத்தில் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் நின்றுகொண்டு, "பெத்த புள்ளையையே சுடுதண்ணி ஊத்திக் கொன்னவகிட்ட என் புள்ளைய விட்டேன் பாரு" என்று கத்தினாள். வேண்டா இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். தமிழ்ச்செல்வி அத்தோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். அங்கிருந்து இரண்டு பேர் வேண்டா வீட்டுக்குப் போய், வாசலில் வைத்து, அம்மா உனக்குச் சூடு வைப்பாங்களா என்று எட்டு வயசுப் பிரபாவை விசாரித்தார்கள். தெருவே கேட்டது.

நாலு மாதமாகப் போக்குவரத்து இல்லை.

டாக்டர் ஷாரோன் ரிசல்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, முதலில் ஹேமந்தை வார்டுக்கு அனுப்பச் சொன்னார். அவன் உடம்பில் ரத்தம் பாதிதான் இருந்தது. இன்றே ஏற்ற வேண்டும். ஜன்னலோரப் படுக்கை வேண்டாம் என்று நர்ஸிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு பெற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் சேர்க்கும் வேலை உடம்புக்குள் பல படிகளாக நடக்கிறது. அதில் ஒரு படி ஹேமந்துக்குப் பிறவியிலேயே சரியாக நடக்கவில்லை. பாதியில் நின்றுபோன சரக்கு தோலிலும் பல்லிலும் எலும்பிலும் சேர்கிறது. வெளிச்சம் பட்டால் அது தோலைச் சுட்டுவிடுகிறது. போர்ஃபிரியா என்று பெயர், அதிலும் மிக அபூர்வமான வகை. லட்சக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். கடையில் விற்கிற சன் க்ரீம் இதற்குப் போதாது. உடம்பை மூடுகிற துணிதான் மருந்து.

"பொறந்ததுலேருந்து மூத்திரம் சிவப்பா போயிருக்குமே, கவனிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

தமிழ்ச்செல்வி இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினாள். கவனித்திருந்தாள். பீட்ரூட் என்று நினைத்தாள். பீட்ரூட் கொடுக்காத நாளிலும் பீட்ரூட் என்றே நினைத்தாள். பல் பழுப்பாக முளைத்தபோது இரும்புச்சத்து டானிக் கறை. கன்னத்தில் பூனைமுடி அடர்ந்தபோது அவன் தாத்தா ஜாடை. விரல்களில் புண் வந்து வந்து ஆறியபோது வேனல் கட்டி. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தவள்தான். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்க நம்மில் பலருக்கு நல்ல பழக்கம் இருக்கிறது, அவளுக்கும் இருந்தது.

"அப்ப அந்தக் கொப்புளம்?" என்று தீனதயாளன் கேட்டான்.

"வெயில் சுட்டது. அஞ்சு நாள் பீச்ல இருந்திருக்கான் இல்ல. யாரும் ஒண்ணும் பண்ணலை."

தீனதயாளன் மனைவியைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெஷினோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவன், பேச்சு குறைவு. அன்றைக்கு அந்தப் பந்தியில் அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசாமல் சாம்பார் வாளியோடு நின்றவனும் அவன்தான். அதை அவன் மறந்ததில்லை என்பது அவன் விறைத்த கழுத்தில் தெரிந்தது.

டாக்டர் ஒரு தாளில் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாக வரைய ஆரம்பித்தார். யார் யாருக்கு யார் என்று சொல்லச் சொல்ல, கோடுகள் போன இடத்துக்கே திரும்பி வந்தன. பெண் கொடுத்துப் பெண் எடுத்தீர்களா என்று அவரே கேட்டார். பிறகு, குடும்பத்தில் சின்ன வயசில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

எங்க அக்காவுடைய முதல் குழந்தை, சுடுதண்ணி பட்டு, என்றான் தீனதயாளன்.

பேனா நின்றது. எத்தனை நாள் குழந்தை, கொப்புளம் எங்கே வந்தது, வெயிலில் காட்டினார்களா, துணியில் சிவப்புக் கறை இருந்ததா என்று டாக்டர் அடுக்கினார். தீனதயாளனுக்கு எதுவும் தெரியவில்லை. தமிழ்ச்செல்வி தரையைப் பார்த்தாள்.

"சுடுதண்ணின்னு யார் சொன்னது?"

"அக்காவேதான் மேடம்."

"அந்தம்மா பதினோரு வருஷமா தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டா இருக்காங்க?" என்ற டாக்டர், பேனாவை மூடி வைத்தார். "அதுக்கும் இதே நோயா இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவங்களைக் கேட்டுட்டு வாங்க. அவசியம் கேளுங்க."

அடுத்து அவர் சொன்னதுதான் தமிழ்ச்செல்வியின் தலையில் இறங்கியது. இந்த நோயை அடியோடு மாற்ற ஒரு வழி உண்டு. பொருத்தமான ஒருவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்து ஹேமந்துக்கு ஏற்ற வேண்டும். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் முதலில் அவர்களைப் பார்ப்பார்கள். ஹேமந்துக்கு யாரும் இல்லை. ஆனால் இந்த மாதிரி இரண்டு பக்கமும் பின்னிய குடும்பத்தில், இரண்டு வழியிலும் சொந்தமான ஒரு குழந்தை பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது, பரிசோதித்துப் பார்க்கலாம். சுணங்கக் கூடாது, ஏனென்றால் இவன் ஒவ்வொரு மாதமும் ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ள முடியாது.

தாளில் அப்படி ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது. பிரபா.

மைனர் குழந்தை என்பதால் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி, பரிசோதனைக்கான படிவத்தை டாக்டர் நீட்டினார்.

வராந்தாவுக்கு வந்ததும் தமிழ்ச்செல்வி சுவரில் சாய்ந்துவிட்டாள். நீங்களே போய்க் கேளுங்கள் மாமா, உங்கள் கூடப்பிறந்த அக்கா ஆயிற்றே என்று கெஞ்சினாள்.

"நான் போனா அக்கா ஒடனே சரின்னுடும்," என்றான் தீனதயாளன். "அதனாலதான் போவ மாட்டேன். பேசினது நீ. நீ போ. நான் புள்ளகிட்ட இருக்கேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. வெயில் மடியில் விழுந்தது. இதே பஸ்ஸில், இதே வெயிலில் ஹேமந்தை எத்தனை தடவை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் விட்டாள். ஒரு முடிவு மட்டும் செய்துகொண்டாள். இன்றைக்கு மன்னிப்பு மட்டும்தான். படிவத்தை எடுக்கக் கூடாது. மன்னிப்பையும் கேட்டு மகளையும் கேட்டால், அது மகளுக்காகக் கேட்ட மன்னிப்பு ஆகிவிடும்.

நல்ல முடிவு. ஆனால் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதை இந்தப் பத்து வாரத்தில் உங்களிடமும் அவள் என்னைச் சொல்ல விடவில்லை. இப்போது நான் சொல்கிறேன்; அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயசு, பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். வேண்டாவுக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவம் புருஷன் வீட்டிலேயே நடந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். குழந்தைக்கு மஞ்சள் பூத்த மாதிரி இருந்தது. காலை இளவெயிலில் தினமும் பத்து நிமிஷம் காட்டுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான். அந்த வேலை தமிழ்ச்செல்விக்கு. அன்றைக்குக் குழந்தையை வாசல் கட்டிலில் படுக்க வைத்தாள். தோழியிடமிருந்து போன் வந்தது. சிக்னல் கிடைப்பது கொல்லைப்பக்கம்தான். எந்தக் காலேஜ், எந்த குரூப், யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது வெயில் கட்டிலை முழுசாக மூடியிருந்தது. முக்கால் மணி நேரம். குழந்தை கத்திக் கத்திக் குரல் போய்த் தேம்பிக்கொண்டிருந்தது.

தூக்கிக்கொண்டுபோய் உள்ளே கிடத்தினாள். பத்து நிமிஷம்தான் காட்டினேன் என்றாள். பிறகு வேண்டா குளிப்பாட்டினாள். சாயங்காலம் கொப்புளம் கிளம்பியது. நாலாம் நாள் குழந்தை இல்லை.

தண்ணீர்தான் காரணம் என்று வேண்டா சொன்ன நிமிஷத்தில் தமிழ்ச்செல்விக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அந்த நிம்மதியை அவள் வருஷக்கணக்காக நம்பிக்கையாக மாற்றிக்கொண்டாள். தண்ணீர்தான், தண்ணீரேதான். காதுகுத்துப் பந்தியில் அவள் ஏன் அத்தனை உரக்கக் கத்தினாள் என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். புரிந்ததால் கோபம் குறையாது. எனக்கும் குறையவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. வேன் டிரைவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வேண்டா காலையில் நாஸ்தா போடுவாள். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, நாலு பெஞ்சு. வியாபாரம் முடிந்து இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரபா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். தமிழ்ச்செல்வியைக் கண்டதும் வேண்டா எழுந்திருக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. ஒரு தட்டைத் தேய்த்து முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"புள்ளைக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது அவளுக்கு.

தமிழ்ச்செல்வி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். விளக்கு, பல், ரிசல்ட், வெயில். நீ ஒன்றும் செய்யவில்லை அண்ணி, வெயில்தான் சுட்டது என்றாள். நான் பேசியது பாவம், அந்தப் போன் போட்டது அதைவிடப் பாவம், என்னை என்ன வேண்டுமானாலும் சொல் என்றாள்.

வேண்டா தட்டைக் கீழே வைத்தாள். மூத்திரம் எந்தக் கலரில் போகிறது என்று கேட்டாள்.

தமிழ்ச்செல்வி திகைத்துப்போய், சிவப்பாக என்றாள்.

"அதுக்கும் அப்பிடித்தான் போச்சு," என்றாள் வேண்டா. "பொறந்த அன்னியிலேருந்து. எனக்கு மொத புள்ள. எல்லாப் புள்ளைக்கும் அப்பிடித்தான் போவும்னு நெனச்சிகினேன். பிரபா பொறந்த பொறவுதான் இல்லன்னு தெரிஞ்சிது. சித்திரையில ஒன் புள்ள இங்க மூத்திரம் போனப்போ பார்த்தேன். அதே கலரு."

"ஏன் அண்ணி சொல்லல?"

"போன்ல சொல்லி ஒன்ன பயமுறுத்த வேணாம், நேர்ல பார்த்துச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். காதுகுத்துக்கு அதுக்குத்தான் வந்தேன்."

தமிழ்ச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதம். அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் வேண்டா இதைச் சொல்லியிருப்பாள். ஹேமந்தின் விரல் நுனிகள் இந்த நாலு மாதத்தில்தான் சுருங்க ஆரம்பித்தன. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று கை எழுந்தது. அதுவும் நாடகமாகப் போய்விடும் என்று மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இன்னொண்ணு. அன்னிக்குக் கொழந்தைய பத்து நிமிஷம் காட்டினேன்னு சொன்னது பொய். முக்கா மணி நேரம் வெயில்லயே கெடந்துது. நான் போன் பேசிகினு இருந்தேன்."

"தெரியும்," என்றாள் வேண்டா.

தட்டைக் குழாயடியில் பிடித்து அலம்பினாள். நல்ல காய்ச்சலோடு அன்றைக்குக் காலையில் படுத்திருந்தேன், மத்தியானம் குளிப்பாட்டத்தான் எழுந்தேன், அதுவரை எழுந்திருக்க முடியவில்லை, ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் வெயில் ஏறியது தெரிந்தது, உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், உனக்குக் கேட்கவில்லை என்று சொன்னாள். இதையெல்லாம் அவள் சண்டைக்குரலில் சொல்லவில்லை. நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்ப எதுக்கு அண்ணி தண்ணின்னு சொன்ன?"

"நீ மூலையில நின்னு நடுங்கிகினு இருந்த. பதினேழு வயசுப் பொண்ணு. ஒங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா ஒன்ன வெட்டிப் போட்டிருக்கும். ஒன்ன என் தம்பிக்குத் தரதா பேச்சு வேற. அதுவும் நின்னு பூடும். அதான் என் மேல போட்டுகினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "முழுசா பொய்யும் இல்ல செல்வி. தண்ணி அன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் இருந்துது. வெயிலா, தண்ணியான்னு எனக்கே தெரியாது. டாக்டரு இன்னா சொல்றாரு, தண்ணி இல்லியா?"

"இல்ல அண்ணி. வெயில்ல வெச்சிருக்கக் கூடாது, அது நான். ஆனா வியாதி ரத்தத்துலயே இருந்துது. தண்ணி இல்ல."

"நல்லா கேட்டியா? தண்ணி இல்லன்னு சொன்னாரா?"

தமிழ்ச்செல்வி மறுபடியும் சொன்னாள். வேண்டா மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், வெகுநேரம் அழுதாள். பிரபாவுக்கு இந்த எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வெந்நீர் ஊற்றியதில்லை என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள். ஜலதோஷம் பிடித்தாலும் பச்சைத்தண்ணீர்தான். ஒங்க அண்ணனும் அப்படித்தான், அன்றிலிருந்து நான் காய வைத்த தண்ணீரைத் தொட்டதில்லை, மார்கழியிலும் குழாயடிதான், ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை என்றாள்.

தமிழ்ச்செல்விக்கு அண்ணன் காலில் விழ வேண்டும்போல இருந்தது, அண்ணி காலில் விழ வேண்டும்போல இருந்தது. இரண்டும் செய்யாமல் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்புவதற்கு எழுந்தாள்.

"இதுக்கு மட்டுமா வந்த?" என்றாள் வேண்டா.

ஆமாம் என்றாள் தமிழ்ச்செல்வி.

"பொய் சொல்ல ஒனக்கு இன்னும் வரல. அந்தப் பைய எதுக்குப் புடிச்சிகினே நிக்கிற? எடு."

படிவத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மஜ்ஜை, பொருத்தம், பிரபா என்று திக்கித் திக்கிச் சொன்னாள். இதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை அண்ணி, இதை நீ கிழித்துப் போட்டாலும் அந்த மன்னிப்பு அப்படியே இருக்கும் என்றாள். பிரபாவுக்கு உயிருக்கு ஆபத்து உண்டா என்று வேண்டா கேட்டாள். இப்போதைக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது மட்டும்தான், பொருந்தினால் மீதியை டாக்டரே உங்களிடம் விளக்குவார், அதற்குப் பிறகும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம் என்று தமிழ்ச்செல்வி டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். வேண்டா பேனா கேட்டாள். தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

"என் கையெழுத்து ஆச்சு," என்று படிவத்தைப் பெஞ்சுமேல் வைத்தாள். "அப்பன் கையெழுத்து நான் வாங்கித் தர மாட்டேன். நீ வாங்கிக்கோ. தண்ணி இல்லன்னு நான் சொன்னா அந்த மனுஷன் நம்பாது. நீ சொன்னா நம்பும். முழுசா சொல்லு."

அதற்குள் வேன் வந்து நின்றது. சுற்றுலாக்காரர்களைக் கடற்கரைக் கோயிலில் இறக்கிவிட்டுச் சாப்பிட வந்திருந்தான் சுப்பிரமணி. தங்கச்சியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அதுதான் அவளைக் கொன்றது. வா செல்வி, புள்ள எப்படி கீறான், இளைச்சுப் போயிட்டியே என்று விசாரித்தபடியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். மனைவி பக்கம் அவன் கண் போகவில்லை. பதினோரு வருஷத்துப் பழக்கம்.

"அண்ணே," என்றாள் தமிழ்ச்செல்வி. "அது சுடுதண்ணி இல்ல. அண்ணி மேல தப்பே இல்ல."

கையில் அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் வழிந்துபோயிற்று. அவன் திரும்பினான். முதல் தடவையாக வேண்டாவைப் பார்த்தான். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப யாரு?" என்று தங்கச்சியைக் கேட்டான்.

யாரும் இல்லை அண்ணே, வியாதி. டாக்டர் கொடுத்த பதில் அவளிடம் தயாராக இருந்தது. பொய்யும் இல்லை. அதைச் சொன்னால் அவன் அழுவான், மனைவியிடம் மன்னிப்புக் கேட்பான், படிவத்தில் கையெழுத்துப் போடுவான். ஹேமந்துக்கு வழி பிறக்கும். பெஞ்சுமேல் படிவம் காற்றில் படபடத்தது. அதன்மேல் வேண்டா ஒரு டம்ளரை எடுத்து வைத்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வியாதிதான் அண்ணே," என்றாள் தமிழ்ச்செல்வி. "ஆனா அன்னிக்குக் கொழந்தைய முக்கா மணி நேரம் வெயில்ல போட்டது நான். அண்ணிக்குத் தெரியும். எனக்காகத் தன்மேல போட்டுகினு இத்தினி வருஷம் நீ வாயத் தொறக்காமலே ஒங்கிட்ட பேச்சு வாங்கிச்சு."

சுப்பிரமணி குழாயடியை விட்டு நகர்ந்தான். குழாய் திறந்தபடியே இருந்தது. வேண்டா போய் மூடினாள். அவன் கையைத் துடைக்காமலே வந்து, டம்ளரை நகர்த்திப் படிவத்தை எடுத்தான். மேலிருந்து கீழே வரை படித்தான். வேண்டாவின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். அவன் விரல் ஈரத்தில் அந்த மை கொஞ்சம் கலைந்தது.

பிறகு படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே வேனில் ஏறிக் கிளம்பிவிட்டான். கையெழுத்துப் போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.